அக்காளுக்குச் சொன்ன காற்று

அத்தியாயம் ஒன்பது

ஒன்பது மணி பஸ்ஸின் ஊதுகுழல் கொட்டாரம் சாலையில் கேட்டதுமே செல்வதாஸ் தன் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடிதம் பத்திரமாக இருந்தது. மூன்று மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. வீட்டில் வைக்கவும் பயம், கிழித்துப் போடவும் பயம். அதற்காகவே மனிதன் வைகாசிப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாமல் திரிந்தான்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கடிதத்தின் கதை தெரியும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை.

நாகர்கோவிலில் ஒரு பெரிய வக்கீலிடம் செல்வதாஸ் குமாஸ்தா. தமிழ்ப் பத்திரங்களையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் ஆங்கிலமாக்குவது அவன் வேலை. ஒரு சொல் கூட்டமாட்டான், ஒரு சொல் குறைக்கமாட்டான் என்று வக்கீலே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவன், மாசி மாதம் ஒருநாள், மனைவி தேவகனியையும் அக்காள் நேசபாயையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். தேவகனி ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். அக்காளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். டாக்டர் வெள்ளைக்காரர், கப்பலிலிருந்து இறங்கி ஆறு மாதம் ஆகவில்லை. இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: மனைவிக்கு உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, மனம்தான் தேற வேண்டும். அக்காளுக்கு வலது நெஞ்சு கெட்டுக்கொண்டு வருகிறது. அவளை உடனே மூன்று மாதம் கடற்கரையில் வைக்க வேண்டும். இதையே ஒரு கடிதமாகவும் எழுதிக் கையில் கொடுத்தார்.

வெளியே புளியமரத்தடியில் காத்திருந்த பெண்களிடம் செல்வதாஸ் அதை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தான். ஆளை மட்டும் மாற்றிவிட்டான்.

அவன் கொடியவன் அல்ல. அதுதான் சங்கடம். பிறக்கப் போகிற பிள்ளைக்காக அக்காள் கட்டிய தொட்டில் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க அக்காளுக்குக் கை வரவில்லை. பார்க்கத் தேவகனிக்குச் சக்தியில்லை. "இந்த வீட்டுல இன்னும் ஒரு மாசம் இருந்தா எனக்குப் புத்தி கெட்டுப் போவும்" என்று அவள் அழுதிருந்தாள். இருபத்திரண்டு வயதில் தாலியிழந்து, எட்டு வயதுத் தம்பியைத் தூக்கி வளர்த்த அக்காளிடம் போய், "உன் வீட்டில் இருக்க இவளுக்கு முடியவில்லை" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. டாக்டர் வாயில் வந்த கடற்காற்று வசமாக அகப்பட்டது. ஒரு மாதம் போகட்டும், அக்காளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினான். அழைத்தால் ஏன் என்று கேட்பாள். ஆகவே ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவன் காட்டிய அக்கறையைப் பார்க்க வேண்டுமே! இராஜாக்கமங்கலம் கிட்டத்தில்தான், ஆனால் வண்டி மாடு மனது வைத்தால்தான் ஆபீசுக்குப் போகலாம். கடியப்பட்டணத்தில் காற்றைவிடக் கருவாட்டு வாடை முந்திக்கொண்டு வரும். வட்டக்கோட்டைக்குப் போனால் பேச்சுத்துணைக்குக் கோட்டைச் சுவர்தான். கன்னியாகுமரி என்றால் காலையில் பஸ் ஏறிப் பத்து மணிக்கு நாகர்கோவிலில் நாற்காலியில் உட்காரலாம், சாயங்காலம் திரும்பிவிடலாம். காற்று வாங்க வருகிற துரைமார்களுக்கென்று பங்களாக்கள், யாத்திரைக்காரர்களுக்குச் சத்திரங்கள், காய்கறிக் கடை, பால் எல்லாம் உண்டு. சிவதாணு பிள்ளை என்பவர் வாடகைக்கு விடுவதற்கென்றே சாலையோரத்தில் கட்டிய இரண்டு அறை வீடு, கடலைப் பார்த்த ஜன்னலோடு கிடைத்தது. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு.

அந்த வீட்டுக்குத்தான் இன்றைக்கு, விடுமுறையான சனிக்கிழமை, சபையார் பத்துப் பேர் ஸ்தோத்திர ஜெபத்துக்கு வருகிறார்கள். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் கோவிலில் தேவகனியின் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்கள். அவள் தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, நன்றி சொல்லப் பஸ் பிடித்து வருகிறார்கள்.

"இஞ்சேருங்க, மைனி வந்துட்டாவ!" என்று தேவகனி நாத்தனாரை வரவேற்க வாசலுக்கு ஓடினாள். ஓடினாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மாசி மாதத்தில் கட்டிலிலிருந்து இறங்கக் கைத்தாங்கல் கேட்டவள்.

பஸ்ஸிலிருந்து உபதேசியார் ஞானதாசன் வேதப்புத்தகத்தோடு இறங்கினார். பின்னால் சபைப் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக, படியில் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, மறுகாலை வைத்து, நேசபாய் இறங்கினாள்.

செல்வதாஸ் மாசியில் பார்த்த அக்காள் இல்லை இவள். கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. தினமும் நாகர்கோவிலுக்குப் போகிறவன், அக்காள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேறு தெருவாக பஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வெட்கம் இப்போது கன்னத்தில் அறைந்தது.

"ஏட்டி கனி! மொகத்துல என்ன தெளிச்சம் வந்துருக்கு! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அக்காள் தேவகனியின் கன்னத்தைத் தடவினாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

"மைனி, இதென்ன இப்பிடி மெலிஞ்சு போனியோ?"

"வயசாவுதுல்லா. இந்தா, இதைப் பிடி." கூடை நிறையக் கோழிமுட்டை, உமியில் பொதிந்து ஒன்றுகூட உடையாமல் வந்திருந்தது. இன்னொரு கையில் ஒரு துணி முடிச்சு. "இது உனக்க பேருக்கு எடுத்து வெச்ச அரிசி. கஞ்சி வெச்சுக் குடி."

பிடியரிசி வழக்கம் அந்தச் சபையில் எல்லா வீட்டிலும் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும்.

"நேசபாய் அக்கா ஒரு பிடியோட விடலியே" என்று உபதேசியார் பெருமையாகச் சொன்னார். "சபைக்கு ஒண்ணு, கனிக்கு ஒண்ணு. ரெண்டாவது பிடி அவிய பங்குலேர்ந்து எடுக்குறது. வெள்ளிக்கிழமை முழு உபவாசம் வேற. இப்பிடி ஒரு நாத்தனார் ஆருக்கு ஓய் கிடைக்கும்?"

இல்லாத நோய்க்காக அக்காள் தன் சோற்றைக் குறைத்திருக்கிறாள். இருக்கிற நோயோடு. செல்வதாஸ் அந்த அரிசி முடிச்சைக் கையில் வாங்கினான். வாங்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஜெபம் ஆரம்பித்தது. பாட்டு முடிந்தது. வேதவாசிப்பு முடிந்தது. உபதேசியார் நீளமாக ஜெபித்தார். அந்த நேரம் பூராவும் அக்காளின் இருமல் அறையின் மூலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் செல்வதாஸ் கண்ணை இன்னும் இறுக்கி மூடினான்.

"இப்போ வீட்டு எசமான் சாட்சி சொல்லணும்" என்றார் உபதேசியார். கர்த்தர் செய்த நன்மையைப் பெற்றவர்கள் எழுந்து நின்று நாலு பேர் அறியச் சொல்வது முறை. "எழும்பும் ஓய். மூணு மாசத்துக்கு முந்தி டாக்டர் என்ன சொன்னாரு, இண்ணைக்கு எப்பிடி இருக்கு, உள்ளது உள்ளபடி சொல்லும்."

செல்வதாஸ் எழுந்து நின்றான். பத்துப் பேர் அவனையே பார்த்தார்கள். தேவகனி தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்காள் முகத்தில் ஒரே பூரிப்பு, தம்பி பரீட்சையில் பரிசு வாங்க மேடை ஏறினாற்போல.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"கர்த்தர்... நல்லவர்" என்றான். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

நன்றி தாங்காமல் மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை என்று சபை எண்ணிக்கொண்டது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாழ்நாளில் அவன் வாங்கிய பாராட்டுகளிலேயே அவனை அதிகமாகச் சுட்டது அந்தக் கண்ணீர்தான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கடல் பார்க்கப் போனார்கள். தேவகனி பாத்திரங்களோடு பின்பக்கத்துக் கிணற்றுக்குப் போனாள். அக்காள் மட்டும் அலைச்சல் வேண்டாமென்று ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். காற்று அவள் நரைமுடியைக் கலைத்தது.

"நல்ல காத்து மக்கா. நல்ல எடமாப் பாத்துத்தான் பிடிச்சிருக்கே."

"அக்கா, இந்த இருமல் எப்பலேர்ந்து?"

"பங்குனிக் கடைசியில தொடங்கிச்சு."

"மருந்து குடிச்சியா?"

"மருந்தா?" அக்காள் சிரித்தாள். ரகசியத்தைக் காப்பாற்ற முடியாத சிறு பெண்ணின் சிரிப்பு. "உனக்கிட்ட மட்டும் சொல்லுகேன். கனிகிட்ட சொல்லாண்டாம், அது வருத்தப்படும். நீங்க பஸ் ஏறின அண்ணைக்கு முழங்கால்ல நிண்ணேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்க சூக்கேட்டை, அந்த நோவை, எனக்குத் தாரும், அது வாழ வேண்டிய பிள்ளை, நான் வாழ்ந்தாச்சுண்ணு கேட்டேன். சரியா நாப்பதாம் நாளு எனக்கு இருமல் வந்துது. எனக்கு எப்பிடி இருந்துது தெரியுமாலே? அழுதுட்டேன், சந்தோஷத்துல. அவரு கேட்டுட்டாரு பாத்தியா! இஞ்ச அது தேறத் தேற, அங்க எனக்குக் கூடிச்சு."

செல்வதாஸ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான்.

"இனி நான் மருந்து குடிச்சா என்ன அர்த்தம்? குடுத்ததைத் திருப்பிக் கேக்குற மாதிரில்லா? சூக்கேடு திரும்பவும் பிள்ளைக்குப் போயிருமோண்ணு பயமா இருக்கு. அதனால எனக்கு மருந்தும் வேண்டாம், காத்தும் வேண்டாம். நாலரை பஸ்ல நான் போவேன்."

இத்தனை நாளும் செல்வதாஸ் பயந்தது, உண்மையைச் சொன்னால் தன் மானம் போகும் என்றுதான். இப்போது தெரிந்தது, சொல்லாவிட்டால் அக்காள் போய்விடுவாள். அதுவும் சந்தோஷமாகப் போவாள். அவன் சொன்ன ஒரு பொய்யை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு அதன்மேல் தன் உயிரையே வைத்திருந்தாள்.

கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். மடிப்பு மடிப்பாய் நைந்து போயிருந்தது.

"அக்கா, இது அந்த டாக்டர் எழுதினது. வாசிக்கேன், கேளு."

"அது கனிக்குள்ளதுதானே. எனக்கு எதுக்கு?"

"கேளு அக்கா."

வாசித்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. நேசபாய் என்று பெயர் இருந்த இடத்தில் நேசபாய் என்றே வாசித்தான். வலது நெஞ்சு, உடனே, மூன்று மாதம் கடற்கரை, நல்ல சாப்பாடு, தினமும் மீனெண்ணெய், பட்டினி கூடவே கூடாது. இந்த முறை ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கடைசி வரிக்கு வரும்போது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கனிக்கு ஒண்ணும் இல்லண்ணுதான் அக்கா அவரு அண்ணைக்கே சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்" என்று முடித்தான்.

அக்காள் சேலை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உடனேண்ணா போட்டிருக்கு?"

"ஆமா அக்கா."

"மூணு மாசம்."

"ஆமா."

"அது இப்பத் தீந்து போச்சே, மக்கா."

அவன் அவள் காலைப் பிடிக்கக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். கோபத்தில் அல்ல, வேறு ஏதோ நினைப்பில். கடலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ கர்த்தர் எனக்க ஜெபத்தைக் கேக்கலியா?"

அவள் அவனை ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். சிறுவயதில் முதுகில் வைத்தது போல நாலு வைத்திருந்தாலும் தாங்கியிருப்பான். பாவி, அவள் உடம்பைத்தான் கெடுத்தோம் என்று நினைத்திருந்தான். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷத்தையும் இப்போது தன் கையாலேயே பறித்துவிட்டான்.

பின்வாசலில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. தேவகனி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் செத்துருவேன்னு நெனச்சு எத்தன நாள் இந்தக் கட்டில்ல கெடந்து விறைச்சிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?" விழுந்த பாத்திரத்தைத் தாண்டி உள்ளே வந்தாள். "தினமும் காலம்பற மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அந்த மீனெண்ணெயைக் குடிச்சேன். ஒமட்டி ஒமட்டிக் குடிச்சேன். நீங்க பக்கத்துல நிண்ணு பாத்துக்கிட்டிருந்தியோ."

"கனி, உனக்காகத்தான்..."

"எனக்காகவா? தொட்டிலைப் பாக்க முடியலண்ணு சொன்னேன். தொட்டிலை அவுக்கச் சொன்னேன். மைனியை விட்டுட்டு வரச் சொன்னேனா?"

கூடத்தில் தொங்கிய ஒரு தொட்டிலை அவிழ்க்கத் தைரியம் இல்லாமல் இரண்டு உயிரை மூன்று மாதம் வதைத்திருக்கிறான். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

வெளியே பஸ்காரன் முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுகிற சத்தம் கேட்டது. சபையார் திரும்பி வந்து, கூடைகளை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். அக்காள் பழக்கம்போல எழுந்து முந்தானையைச் சரி செய்தாள்.

தேவகனி அவள் தோளைப் பிடித்து மறுபடி கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இது உங்களுக்குள்ள கட்டில் மைனி. மூணு மாசமா நான்தான் ஆளு தெரியாமப் படுத்திருந்தேன். நீங்க போவாண்டாம்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மைனிக்க எடத்துல நீங்க ஏறுங்க. ஆபீஸ் அங்கதானே. கோழிக்குத் தீனி போடணும். போன உடனே முதல்ல அந்தத் தொட்டிலை அவுத்து வையுங்க."

"நான் எப்ப வர?"

"வரும்போது வாருங்க. கதவு தொறப்பேனாண்ணு அப்பப் பாப்போம்."

அக்காளைப் பார்த்தான். எத்தனை தப்பு செய்தாலும் கடைசியில் "போட்டும் விடு கனி" என்று குறுக்கே விழுகிறவள் அவள். இன்றைக்கு விழவில்லை. அவள் அந்த அறையில் இருக்கிறாளா என்பதே சந்தேகமாக இருந்தது.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் சட்டையோடு பஸ்ஸில் ஏறினான். உபதேசியாருக்குப் பக்கத்தில், அக்காள் வந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா எங்க ஓய்?"

"அக்கா வரல." முன்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அக்காவுக்குத்தான் உபதேசியாரே சூக்கேடு. மாசி மாசத்துலயே டாக்டர் சொன்னது அக்காவைப் பத்தித்தான். கனிக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

காலையில் கேட்ட சாட்சி சாயங்காலம் வந்து சேர்ந்தது. முன்சீட்டில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஞானதாசன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர், சட்டென்று கோபப்படத் தெரியாதவர்.

"அப்போ நாங்க சபையாக் கூடி இவ்வளவு நாளும் ஜெபிச்சது?" என்று மட்டும் கேட்டார். செல்வதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ் புறப்பட்டு வீட்டைக் கடந்தது. திறந்த ஜன்னலில் கட்டில் முழுசாகத் தெரிந்தது. அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தேவகனி எதிரே முழங்காலில் நின்று, கரண்டியில் மீனெண்ணெயை ஊற்றி அவள் உதட்டருகே நீட்டிக்கொண்டு ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அக்காள் கரண்டியைப் பார்க்கவில்லை, பஸ்ஸையும் பார்க்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வதாஸ் கழுத்தை வளைத்து வளைத்து, ஜன்னல் மறைகிற வரைக்கும் பார்த்தான். அந்த வாய் திறக்கவில்லை.